குருமனையிற் பிறந்த ஐயவாதி

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே வளைந்து கிடக்கின்றது கொட்டியாரக் குடா. அதன் கரையில் அமைந்த சம்பூர், பத்திரகாளி அம்பாள் ஆலயத்தாற் பெயர்பெற்ற பழம்பதி. வயலும் கடலும் ஊட்டி வளர்க்கும் இத்தகைய கிழக்கிலங்கைக் கிராமங்களில், வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் உறவினர் இரண்டு வாயில்களைத் தட்டுவது நெடுநாள் வழக்கம். ஒன்று வைத்தியருடைய வாயில். மற்றையது மந்திரம் அறிந்தவருடைய வாயில். இளம்பெண் ஒருத்தி தன்னை மறந்து கூவினால், அவளைப் பற்றியிருப்பது எந்தப் பேய் என்று கேட்போர் பலர். அவளை வருத்துவது எந்தத் துயர் என்று கேட்போர் மிகச் சிலர்.

அந்தச் சிலருள் முதன்மையானவர் ஆபிரகாம் கோவூர். 1960ஆம், 1970ஆம் ஆண்டுகளில் இலங்கையில் அப்பெயரை அறியாத படித்தவர் இல்லை எனலாம். மந்திரவாதிகள் அவரைக் கண்டு முகஞ்சுளித்தனர், இளைஞர் அவர் எழுத்தை விரும்பிப் படித்தனர், பக்தர்கள் வருந்தினர். அவர் நாத்திகர் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும், அவர் ஒரு கிறிஸ்தவ குருவானவரின் மகன் என்பதையும், வேதாகமத்தை மாணாக்கருக்குக் கற்பித்த ஆசிரியர் என்பதையும் இன்று நினைவிற் கொள்வோர் குறைவு. அவருடைய ஐயம் வேற்றூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொருளன்று. அது குருமனையிலேயே வித்தூன்றப்பெற்றது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

மறுத்துரைத்தவர்களின் மரபு

திருவிதாங்கூரைச் சேர்ந்த திருவல்லாவில் 1898ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 10ஆம் திகதி கோவூர் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையில் உயர்ந்த பதவி வகித்த குருவானவர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள், இயேசுவின் சீடராகிய தோமா கி. பி. 52இல் அக்கரையில் வந்திறங்கித் தங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் அளித்தார் என்று நம்புகின்றவர்கள். ஐரோப்பா அறியாத காலத்திலேயே தங்களுக்கென ஒரு வழிபாட்டு முறையை அவர்கள் கொண்டிருந்தனர்.

போர்த்துக்கேயர் வந்தபின் அந்த அமைதி குலைந்தது. 1599இல் உதயம்பேரூரிற் கூட்டப்பட்ட சங்கத்தில், சிரியன் கிறிஸ்தவர் உரோமாபுரிக் கத்தோலிக்க ஒழுங்கின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். அரை நூற்றாண்டு சென்றது. 1653ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மட்டாஞ்சேரியில் அவர்கள் திரண்டு, கல்லாற் சமைந்த சிலுவையிற் கயிறு கட்டி, அக்கயிற்றைப் பற்றி நின்று, அந்த ஆதிக்கத்துக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சூளுரைத்தனர். கத்தோலிக்க ஒழுங்கிற்குப் பின்னர் மீண்டவர் பலர், மீளாதவரும் பலர்.

அந்த மீளாதவர்களிடையே 19ஆம் நூற்றாண்டில் இன்னுமொரு கிளர்ச்சி தோன்றியது. 1836ஆம் ஆண்டளவில் மாராமண்ணைச் சேர்ந்த ஆபிரகாம் மல்பான் என்னும் குருவானவர், மக்களுக்கு விளங்காத சிரியாக்கு மொழியை விடுத்து மலையாளத்தில் வழிபாடு நடத்தத் தொடங்கினார். புனிதர்களை நோக்கி வேண்டுதலையும், இறந்தோருக்காகச் செபித்தலையும் அவர் நீக்கினார். ஆண்டுதோறும் விழாவெடுத்துக் கொண்டாடப்பட்ட மரச்சிலை ஒன்றை எடுத்துக் கிணற்றில் எறிந்துவிட்டார். பெரும் வழக்குகளின் பின், 1889இல் வந்த தீர்ப்பினால் ஆலயங்களையும் சொத்துக்களையும் பெரும்பாலும் இழந்த அச்சீர்திருத்தக் கூட்டத்தினரே மார்த்தோமா திருச்சபையினர். திருவல்லா அவர்களுடைய தலைமை இடமாயிற்று. 1895 முதல் பம்பை ஆற்று மணற்பரப்பில் ஆண்டுதோறும் அவர்கள் கூட்டும் மாராமண் மாநாடு உலகப் புகழ் வாய்ந்தது.

இவ்வரலாற்றை இங்கு விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. கோவூர் பிறந்த திருச்சபை, பழையன என்பதற்காக எதனையும் ஏற்காது, இது வேதத்துக்கு ஒத்ததா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகக் கழித்த திருச்சபை. புனிதர்களின் பரிந்துரை போயிற்று. இறந்தோர் செபம் போயிற்று. சிலையும் விழாவும் போயின. தந்தையின் தலைமுறை வேதாகமம் என்னும் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டது. மகன் அதே கேள்வியை அந்தக் கோட்டையும் தாண்டிக் கேட்டார். வேதத்துக்கு ஒத்ததா என்று கேட்ட வீட்டில், உண்மைக்கு ஒத்ததா என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கியது. இது முன்னோர் வழியை விட்டகன்ற செயலா, அவ்வழியிலே மேலும் நடந்த செயலா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

கங்கை நீர்

உயர்கல்விக்காகக் கோவூர் தம் இளைய சகோதரருடன் கல்கத்தாவுக்குச் சென்றார். அவர் பயின்ற வங்கவாசிக் கல்லூரி, கிரீஷ் சந்திர போஸ் என்னும் தாவரவியல் அறிஞர் நிறுவியது. உயிரியலே கோவூரின் துறையாயிற்று. இலையை அரிந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குபவனுக்கு, நூலில் எழுதியிருக்கின்றது என்பது போதிய சான்று ஆகாது, கண்ணாற் காணவேண்டும், தன் கண் காட்டியதைப் பிறர் கண்ணும் காட்டவேண்டும். இந்தப் பழக்கம் ஆய்வுகூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதன்று. அங்குக் கைவந்தவனை அது வழிபாட்டு மண்டபத்திற்குள்ளும் பின்தொடர்கின்றது.

விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் நடந்ததாக அவர் கூறிவந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கல்கத்தாவிற் படிக்கும் பிள்ளை என்பதால், வரும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி ஊரார் வேண்டியிருந்தனர். கங்கையில் எவ்வெவை மிதந்து செல்கின்றன என்பதை நாள்தோறும் கண்ட மாணவருக்கு அந்நீரை எவருக்கும் பருகக் கொடுக்க மனம் வரவில்லை. வேண்டுகோளைத் தட்டவும் மனமில்லை. எனவே ஊருக்கு அண்மையிற் பிடித்த சாதாரண நீரையே அவர் கொடுத்துவிட்டார். சில நாட்களின் பின், அந்நீரால் இன்ன நோய் நீங்கிற்று, இன்ன குறை தீர்ந்தது என்று பெற்றவர்கள் நன்றியோடு வந்து சொல்லலாயினர்.

நகைப்புக்குரிய கதையாக இதனைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். கோவூர் அவ்வாறு போகவில்லை. நோய் நீங்கியது பொய்யன்று. நீர் கங்கையினது என்பதே பொய். அவ்வாறாயின் நோயை நீக்கியது எது? நம்பிக்கைதான் நீக்கிற்று எனின், நம்பிக்கை உடலில் எவ்வாறு வேலை செய்கின்றது? பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி அனைத்தும் இந்த ஒரு வினாவின் விரிவுரை எனலாம்.

அவருடைய சகோதரர் பெகனானும் வேறொரு திசையில் இதே வழியிற் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ந்த அவர், மூச்சுப் பயிற்சியின்போது உடல் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்து, யோகத்தை விஞ்ஞான முறையில் மதிப்பிடும் நூல் ஒன்றை 1937இல் வெளியிட்டார். குருமனைப் பிள்ளைகள் இருவரும் புகழவுமில்லை, இகழவுமில்லை, அளந்து பார்த்தனர்.

யாழ்ப்பாணத்து வேதபாடம்

கோட்டயத்துச் சி. எம். எஸ். கல்லூரியிற் சிறிது காலம் ஆசிரியப்பணி புரிந்தபின், 1928ஆம் ஆண்டில், தமது முப்பதாவது வயதிற் கோவூர் இலங்கையை வந்தடைந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அவரைத் தாவரவியல் ஆசிரியராக ஏற்றது.

அக்கல்லூரிக்குத் தமிழ் வரலாற்றிலே தனியிடம் உண்டு. வெசுலியன் மிசனரிமார் 1816இல் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது அது. அங்கேதான் ஆறுமுக நாவலர் ஆங்கிலம் பயின்றார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தார். வேதாகமத்தை வரி வரியாகக் கற்ற அந்தச் சைவ இளைஞரே, 1848இல் அப்பணியைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிசனரிமாருக்கு ஈடுகொடுத்து எதிர்நின்றார். வேதத்தைப் படிப்பித்தால் விசுவாசம் விளையும் என்று எண்ணிய மிசனரிமாருக்கு அக்கல்லூரி ஏற்கெனவே ஒரு பாடம் புகட்டியிருந்தது. எண்பது ஆண்டுகளின் பின் மலையாளத்துக் குருவானவரின் மகன் மற்றொரு பாடம் புகட்ட வந்தார்.

வேதாகமத்தில் நல்ல பயிற்சியுடையவர் என்பதால், தாவரவியலோடு வேதபாடத்தையும் கற்பிக்கும் பொறுப்பு ஒரு முறை கோவூரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதனை அசட்டையாக நடத்தவில்லை. ஒவ்வோர் அதிகாரத்தையும் விஞ்ஞானப் பாடத்துக்குரிய கவனத்தோடு கற்பித்தார். எங்கு ஒரு நூல் மற்றொரு நூலோடு மாறுபடுகின்றது, எந்தச் செய்தி எந்தக் காலத்து மக்களின் நம்பிக்கையைக் காட்டுகின்றது என்பவற்றை மறையாது எடுத்துக் காட்டினார். பரீட்சை முடிவு வந்தபோது மாணாக்கர் யாவரும் சிறப்பாகத் தேறியிருந்தனர். ஆயினும் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் வியப்புற்றுக் காரணம் வினவினார். பரீட்சையில் அனைவரும் தேறியது உண்மையே எனினும், அவர்கள் தங்கள் விசுவாசத்தை இழந்துவிட்டார்களே என்பது அதிபர் அளித்த விடையின் சாரம். இந்நிகழ்ச்சியை அவர் பிற்காலத்திற் பலமுறை சொல்லி மகிழ்ந்தார். சொன்னவர் மகிழ்ந்தாலும், கேட்கும் நாம் அந்த அதிபரின் கவலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளின் நம்பிக்கையைக் காப்பதற்கென நிறுவப்பட்ட கல்லூரி அது. அதற்குப் பொறுப்பாயிருந்தவர் செய்ததில் வஞ்சம் இல்லை. ஆசிரியரை விலக்காது பாடத்தை மட்டும் மாற்றியமை அவருடைய பெருந்தன்மையையும் காட்டுகின்றது.

அக்காலத்தில் ஐயம் கொள்வது எளிய காரியமன்று. இலங்கையில் நல்ல கல்லூரிகளிற் பல திருச்சபைகளின் கையில் இருந்தன. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்கும் வரை அந்நிலை நீடித்தது. கத்தோலிக்கராயினும் புரட்டஸ்தாந்தராயினும், பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவர் வாழ்க்கை ஆலய ஏடுகளிலேயே பதியப்பட்டது. ஞானஸ்நானம் அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, திருமணம் அங்கே, அடக்கம் செய்யும் நிலமும் அங்கே. விசுவாசத்தை விடுபவர் ஒரு கொள்கையை மட்டும் விடுவதில்லை. உறவினர் கூடும் விருந்தையும், பிள்ளைக்குப் பெண் கேட்கும் உரிமையையும், தாய் தந்தையர் பக்கத்தில் உறங்கும் ஆறடி நிலத்தையும் விட நேர்கின்றது. இதனால், உள்ளத்தில் விசுவாசம் வற்றியபின்னும் ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழந்தாளிட்டவர் அன்றும் இருந்தனர்; இன்றும் உளர். கோவூர் அந்த இரட்டை வாழ்வை ஏற்கவில்லை. பின்னர்க் கல்கிசை புனித தோமையார் கல்லூரியிலும், இறுதியாகக் கொழும்புத் தேர்ஸ்டன் கல்லூரியிலும் உயிரியல் கற்பித்து, 1959இல் ஓய்வு பெற்றார்.

பேயின் முகம்

ஓய்வு பெற்றவருக்குச் சாய்வு நாற்காலி உரியது என்பர். கோவூருக்கோ அறுபதாம் வயதுக்கு மேலேதான் வாழ்க்கையின் பெரும்பணி தொடங்கிற்று. 1960இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்ட அவர், இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். கொழும்பு பாமன்கடையில் இருந்த தம் இல்லத்துக்குத் திருவல்லா என்றே பெயரிட்டிருந்தார். ஊரை மறவாத அவர், ஊரார் பார்க்கும் நல்ல நேரத்தை மட்டும் மறுத்தார். முக்கிய காரியங்களை வேண்டுமென்றே அசுப வேளையிற் தொடங்குவது அவர் வழக்கம். பேய் உலவுவதாகக் கூறப்பட்ட வீடுகளிலும், நள்ளிரவிற் சுடுகாட்டிலும் தனியே படுத்துறங்கினார். எந்தப் பேயும் அவரை எழுப்பவில்லை.

வீட்டுக் கூரையிற் கல் விழுகின்றது. பெட்டியில் வைத்த புடைவை தானே தீப்பற்றுகின்றது. சமைத்த உணவில் மண் கலக்கின்றது. இத்தகைய முறைப்பாடுகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அவரைத் தேடி வந்தன. அவர் அங்கெல்லாம் சென்றார். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பொறுமையோடு விசாரிப்பது அவர் முறை. இவ்வாறு ஆராய்ந்த நிகழ்ச்சிகளில் எல்லாம் அவர் கண்ட முடிவு ஒன்றே. ஒவ்வொரு பேயின் பின்னும் ஒரு மனிதக் கை இருந்தது. அக்கை சில வேளை அறிந்து செய்தது. பல வேளை தன்னையறியாமலே செய்தது. அது பெரும்பாலும் அவ்வீட்டில் வாய்திறந்து பேச உரிமையற்ற ஒருவருடைய கையாக இருந்தது. அன்பு கிடையாத சிறுமி, வேண்டாத மணத்துக்கு நிச்சயிக்கப்பட்டவள், அடி தின்னும் வேலைக்காரப் பிள்ளை என்றிவ்வாறு அமைந்தனர் அவர்கள். சொல்ல முடியாத துயரம் கல்லாக விழுந்தது.

பேய் பிடித்ததாகக் கருதப்பட்டவர்களுக்கு அவர் மனோவசிய முறையினாற் சிகிச்சை செய்தார். சிங்களக் கிராமங்களில் தொவில் ஆட்டமும், தமிழ்க் கிராமங்களில் உடுக்கும் வேப்பிலையும் செய்ய முயன்றதை, இருக்கையில் அமர்த்தி மெல்லப் பேசிச் செய்ய முயன்றார். அவர் முறையாக மருத்துவம் பயின்றவரல்லர், தாவரவியல் ஆசிரியர். இன்றைய உளமருத்துவர் அவர் கையாண்ட வழிகள் அனைத்தையும் ஒப்புக்கொள்ளார். மனோவசியத்தின் ஆற்றலில் அவர் வைத்த நம்பிக்கை சற்று மிகையானது என்பதும் உண்மை. எனினும், சாட்டையால் அடிபட்டும் மிளகாய்ப் புகையால் மூச்சுத் திணறியும் வதைக்கப்பட்ட எத்தனையோ பெண்களை, அவர்கள் நோயாளர், குற்றவாளிகள் அல்லர் என்று சொல்லி அவர் ஆதரித்தார் என்பதும் உண்மை. அவருடைய அநுபவக் குறிப்புகள் பத்திரிகைகளில் வெளிவந்து, தமிழிலும் பெயர்க்கப்பட்டு, மக்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தாயின. அவற்றுள் ஒன்று 1972இற் புனர்ஜன்மம் என்ற மலையாளத் திரைப்படமாகவும், 1973இல் மறுபிறவி என்ற தமிழ்த் திரைப்படமாகவும் உருப்பெற்றது.

கிழக்குக் கரை மக்கள் நன்கறிந்த தீமிதிப்பும் அக்காலத்தில் ஆராயப்பட்டது. கொழும்பு மருத்துவபீடத்து உடற்றொழிலியல் அறிஞர் கார்லோ பொன்சேகா 1970ஆம் ஆண்டை அடுத்து இதனைச் சோதித்தார். விரதமோ மந்திரமோ இன்றியும் தணல்மேல் நடக்க இயலும் என்று காட்டப்பட்டது. விறகுத் தணல் வெப்பத்தை விரைந்து கடத்துவதில்லை. காலடி அதில் ஒரு நொடிக்கும் குறைவாகவே பதிகின்றது. நின்றால் சுடும், நடந்தால் சுடாது. இவ்விளக்கம் அடியாரின் பக்தியைப் பொய்யென்று கூறவில்லை. காலைக் காத்தது எது என்பதை மட்டுமே கூறுகின்றது.

இலட்ச ரூபாய்ப் பந்தயம்

1963ஆம் ஆண்டிற் கோவூர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ், இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றலை எவரேனும் மெய்ப்பித்துக் காட்டினால், ஓர் இலட்சம் ரூபாய் அளிப்பதாக அவர் அறிவித்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அது எத்துணைப் பெருந்தொகை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

செய்துகாட்டத் தக்கவை என அவர் காலப்போக்கில் வகுத்த பட்டியல் சுவையானது. முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசித்தல். தணலின் மேல் அரை நிமிடம் அசையாது நிற்றல். நிலத்தினின்று எழுந்து அந்தரத்தில் மிதத்தல். பூட்டிய அறையினின்று வெளிவருதல் என அது நீளுகின்றது. சோதிடர்க்கும் அதில் இடம் உண்டு. பத்துச் சாதகங்களைக் கொடுத்தால், அவற்றுள் ஆண் எது, பெண் எது, இருப்பவர் யார், இறந்தவர் யார் என்று சொல்லவேண்டும்.

அப்பட்டியலை ஊன்றிப் படிப்பவர் வேறொன்றையும் காண்பர். நீர்மேல் நடத்தல், நீரைத் திராட்சை இரசமாக்கல், இரசத்தைக் குருதியாக்கல், துண்டிக்கப்பட்ட அவயவத்தைச் செபத்தினால் வளரச் செய்தல் முதலியனவும் அதில் உள்ளன. இவை இந்துச் சாமியார்களை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. திருவல்லாக் குருமனையிற் சிறுவயதிற் கேட்டவை. யாழ்ப்பாணத்து வகுப்பறையிற் கற்பித்தவை. பிறர் சமயத்தை மட்டும் சோதிக்க எழுந்தவர் என்று அவரை எவரும் குறைகூற இயலாது. தம் தந்தையின் வேதத்தையே அவர் அத்தராசில் முதலில் வைத்தார்.

இங்கு அவரோடு வழக்காட விரும்புவோர்க்கும் இடம் உண்டு. திராட்சை இரசம் கிறிஸ்துவின் குருதியாகின்றது என்னும் கத்தோலிக்கர், அதன் நிறமும் சுவையும் மாறுவதாகச் சொல்வதில்லை. புறத்தோற்றம் மாறாது உட்பொருள் மாறுவதாகவே சொல்கின்றனர். ஆய்வுகூடத்துக் குழாயில் ஊற்றிப் பார்க்கத்தக்க பொருளன்று அது. சமயம் என்பது அற்புதங்களின் தொகை மட்டுமன்று. துயருற்றவனுக்குத் துணை, தவறியவனுக்கு மன்னிப்பு, கூடி வாழ்வோர்க்கு ஒழுங்கு. இவற்றை எந்த இலட்ச ரூபாயாலும் அளக்க இயலாது. கோவூரின் எழுத்து சில இடங்களில் எள்ளி நகைத்தது. எளிய பக்தர் மனத்தை அது புண்படுத்தியதும் உண்டு. ஏமாற்றுவோனுக்கும் ஏமாறுவோனுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அவர் பேனா சில வேளைகளில் மறந்துவிட்டது.

ஐயவாதம் என்னும் கொள்கைக்கு மேல்நாட்டிற் பெயர் சூட்டியவர் தோமஸ் அக்ஸ்லி என்னும் உயிரியல் அறிஞர், ஆண்டு 1869. கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ துணியாது, சான்று தந்த அளவுக்கே தலையசைப்பது அக்கொள்கை. கோவூர் அவ்வெல்லையில் நின்றாரல்லர். இல்லை என்றே துணிந்து கூறினார். ஆனால் அவர் விடுத்த அறைகூவலின் உள்ளே இருப்பது ஐயவாதியின் நேர்மையே. காட்டினால் ஒப்புக்கொள்வேன் என்று கைப்பொருளைப் பணயம் வைப்பவர், தாம் தோற்கக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்கின்றார். அந்தத் தொகையை எவரும் வென்றாரல்லர். 1970ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து, கையிலிருந்து திருநீறு வரவழைத்தல் முதலிய வித்தைகளை மேடையிலே செய்து காட்டி, அவற்றின் நுட்பத்தையும் விளக்கினார். 1976இல் அவருடைய ஆங்கில நூல் வெளியாயிற்று. பின்னர் அது பஞ்சாபி மொழியிற் பெயர்க்கப்பட்டு, 1984இல் அந்நாட்டில் ஒரு பகுத்தறிவு இயக்கம் தோன்றவே காரணமாயிற்று. கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்து, கோவூருக்குப் பின் அதே இலட்ச ரூபாய் அறைகூவலைத் தொடர்ந்து நடத்தினார். 2009இல் அவர் மறையும்வரை அப்பணம் செலவாகவில்லை.

இறுதிப் பாடம்

ஒரு கொள்கையின் உண்மை மரணப் படுக்கையிலே வெளிப்படும் என்பர். வாழ்நாளெல்லாம் மறுத்தவரும் இறுதியிற் குருவானவரை அழைத்த கதைகள் பல உண்டு. குருவானவரின் மகனாகிய கோவூர் அவ்வாறு அழைக்கவில்லை. அவருக்கு முன்னரே மறைந்த துணைவியாரின் உடல், அடக்கம் செய்யப்படாது மருத்துவ மாணாக்கரின் கல்விக்காக அளிக்கப்பட்டிருந்தது. தம் உடலுக்கும் அவர் அதே வழியை எழுதிவைத்தார். கண்கள் பார்வையற்றோருக்கு, உடல் கொழும்பு மருத்துவபீடத்துக்கு, எலும்புக்கூடு தாம் இறுதியாகக் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு. பூசையும் செபமும் கல்லறையும் வேண்டாம் என்பது அவர் விருப்பம். 1978ஆம் ஆண்டு செத்தெம்பர் 18ஆம் திகதி, எண்பதாவது வயதில் அவர் கொழும்பிற் காலமானார்.

இலங்கையிற் கண் தானம் அப்போது புதிய இயக்கம். அட்சன் சில்வா என்னும் மருத்துவர் 1961இல் நிறுவிய சங்கத்தின் முயற்சியால், இத்தீவினின்று எத்தனையோ நாடுகளுக்குக் கண்கள் சென்றுள்ளன. மறுபிறப்பில் நம்பிக்கையுடைய பௌத்தர், அடுத்த பிறவிக்குப் புண்ணியம் ஆகுமென்று கண் கொடுத்தனர். அடுத்த பிறவியே இல்லை என்ற கோவூரும் கண் கொடுத்தார். வேறுபட்ட இரு வழிகள் இவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பெற்றுக்கொண்டவனுக்குக் கிடைப்பது ஒரே ஒளி.

கொட்டியாரக் குடாவின் கரைக் கிராமங்களில் அம்பாளின் திருவிழாக்கள் இனியும் நடக்கும், நடக்கட்டும். தணலில் இறங்கும் அடியாரின் நேர்த்திக்கடனில் குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அதே ஊரில் ஒரு பெண் நள்ளிரவிற் கூவி எழுந்தால், வேப்பிலையைத் தேடுமுன் அவளருகில் அமர்ந்து, மகளே உனக்கு என்ன குறை என்று கேட்க ஒருவர் வேண்டும். விசுவாசத்தை விட்டவர்தாம் அவ்வாறு கேட்கவேண்டும் என்பதில்லை. விசுவாசம் உள்ளவரும் கேட்கலாம். கோவூர் என்னும் ஆசிரியர் தம் உடலாலும் கற்பித்துச் சென்ற பாடத்தில், எல்லாச் சமயத்தவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதி இதுவேயாகும்.